எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சையும் உடல் எடையும்: தயாராவது முதல் தேறுவது வரை முழுமையான வழிகாட்டி

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று, உடைந்த எலும்புக்குத் தகடு, முதுகுத்தண்டு அறுவை என்று ஏதோ ஒன்றுக்குத் தயாராகிறவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளப் போகும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நான் எலும்பு அறுவைப் பிரிவில் பிசியோதெரபி பார்ப்பவள். "எடையைக் குறைச்சுட்டு வாங்க" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு போய், அதைத் தப்பான நேரத்தில் தப்பான முறையில் செய்து, பலம் இழந்து வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இங்கே எதைச் செய்வது என்பதைவிட எதை எப்போது செய்வது என்பதுதான் முக்கியம்.

உங்கள் மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்வது இதிலிருந்து மாறினால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. அவசர அறுவையா, திட்டமிட்ட அறுவையா என்று முதலில் பிரியுங்கள்

இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு எடை குறைக்க நேரம் கிடையாது. முறிவு நடந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிந்துவிடுவது நல்லது. படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் சளி, படுக்கைப் புண், இரத்தக்கட்டி ஆகியவற்றுக்கு வழிவிடும். எடை கூடியவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். "கொஞ்சம் எடை குறைந்ததும் செய்யலாமா?" என்று இங்கே கேட்கவே கூடாது. இவர்கள் 4-ஆம் படியை விட்டுவிடலாம். 3-ஆம் படியில் உள்ள பரிசோதனைகளை மருத்துவமனையே எடுத்துவிடும். மற்றதெல்லாம் இவர்களுக்கும் பொருந்தும்.

தேய்ந்த மூட்டை மாற்றுவதுபோலத் தேதி குறித்துச் செய்யும் அறுவை என்றால் உங்கள் கையில் சில வாரங்களோ மாதங்களோ இருக்கும். அப்போது வரிசையாகப் போகலாம்.

2. எடையை அளந்து, அந்த எண்ணைச் சரியாகப் படியுங்கள்

எடையைக் கிலோவில் எடுங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். எடையை அந்த விடையால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. எடை 96 கிலோ, உயரம் 1.60 மீட்டர் என்றால், 96-ஐ 2.56-ஆல் வகுக்க 37.5 வரும். 18.5-க்குக் கீழே இருந்தால் எடை போதாது. 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன், 40-க்கு மேல் கடும் பருமன். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 23-இலேயே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இந்த எண் கூடக்கூட காயத்தில் கிருமித் தொற்று, காயம் மூடத் தாமதம், காலில் இரத்தக்கட்டி, இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு மூட்டு விலகுதல், மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை ஆகிய எல்லாமே கூடும். காரணங்கள் எளிமையானவை. கொழுப்புத் திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவு. காயம் ஆறுவதற்கான ஆக்ஸிஜனும் கிருமியை அழிக்கும் மருந்தும் அங்கே குறைவாகவே போய்ச் சேரும். எலும்பை எட்ட ஆழமாக வெட்ட வேண்டியிருப்பதால் அறுவை நேரமும் நீளும். மடித்து வைத்த தோலுக்குள் ஈரமும் கிருமியும் தங்கும்.

ஆனால் 40 என்பது ஒரு சுவர் இல்லை. 39-க்கும் 41-க்கும் நடுவே உடம்பு திடீரென்று மாறிவிடுவதில்லை. ஆபத்து படிப்படியாகத்தான் ஏறுகிறது. பல மருத்துவமனைகள் 40-ஐத் தாண்டினால் மூட்டு மாற்றைத் தள்ளிப்போடுவது உண்மை. எனினும் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கமும் மூட்டு மாற்று அறுவை மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட பி.எம்.ஐ. எண்ணை எட்டுவதற்காக மட்டும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தால் அவற்றைச் சரிசெய்யத் தள்ளிப்போடலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மூட்டு வலியால் நடக்க முடியாதவரிடம் எடை குறைத்த பிறகுதான் அறுவை என்று கதவைச் சாத்துவது எனக்கும் நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எடை கூடியவர்களுக்கும் மூட்டு மாற்றினால் வலி நன்றாகவே குறைகிறது. அவர்கள் அடையும் முன்னேற்றம் மற்றவர்கள் அடைவதற்குச் சளைத்ததில்லை. தொடங்கும் இடம் தாழ்வாக இருப்பதால் போய்ச் சேரும் இடமும் சற்றுத் தாழ்வாக இருக்கும், அவ்வளவுதான். "எடை இருக்கிறதால ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இருக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பி.எம்.ஐ. காட்டாத ஒன்று உண்டு: கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது. ஒரே எண் உள்ள இருவரில் ஒருவருக்கு வயிற்றிலும் மற்றவருக்கு முழங்காலைச் சுற்றியும் இருக்கலாம். முழங்கால் அறுவையில் இரண்டாமவருக்குத்தான் காயத் தொல்லை அதிகம். முன்பக்கமாக வெட்டிச் செய்யும் இடுப்பு அறுவையில், வயிறு தொங்கித் தொடைமடிப்பில் படிபவருக்கு ஆபத்து கூடும். மருத்துவரிடம் "வெட்டப் போகிற இடத்தில் எனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். எண்ணைவிட இந்தப் பதில் உதவும்.

3. எடைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடுங்கள்

உணவைக் குறைப்பதற்கு முன்பு இந்தப் படியை முடித்துவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எடையோடு சேர்ந்து வரும் கோளாறுகளில் பலவற்றை எடையைவிடச் சீக்கிரம் சரிசெய்ய முடியும். சில வாரங்களில் 20 கிலோ குறைக்க முடியாது, ஆனால் இரத்தச் சோகையையும் சர்க்கரையையும் ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

சர்க்கரை: கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். 7.5 அல்லது 8 சதவீதத்தைத் தாண்டினால் பல அறுவை மருத்துவர்கள் திட்டமிட்ட அறுவையைத் தள்ளிவைப்பார்கள். "எனக்குச் சர்க்கரையே இல்லை" என்பவர்களும் எடுக்க வேண்டும். எடை கூடியவர்களில் தெரியாமலே சர்க்கரை இருப்பவர்கள் நிறைய.

ஆல்புமின்: இரத்தத்தில் உள்ள இந்தப் புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் காயம் ஆறுவது சிரமம். உடம்பு பருத்திருப்பதால் சத்து நிறைய இருக்கும் என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். பருமனாக இருந்துகொண்டே புரதக் குறைவும் தசைக் குறைவும் உள்ளவர்கள் ஏராளம். நான் பார்க்கும் தவறான கணிப்புகளில் முதலிடம் இதற்குத்தான்.

குறட்டை: உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிப்பவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். அவரையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலை வைத்து மருத்துவர் கணிப்பார். இது தெரியாமல் போனால், அறுவைக்குப் பின் கொடுக்கும் பலமான வலி மருந்துகள் இரவில் மூச்சை இன்னும் மந்தமாக்கிவிடும்.

இவற்றோடு ஹீமோகுளோபின், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

4. எடை குறைப்பு: எவ்வளவு, எப்படி, எப்போது நிறுத்துவது

இலக்கை உடம்பு எடையில் 5 முதல் 10 சதவீதம் என்று வையுங்கள். 96 கிலோ உள்ளவர் 5 முதல் 9 கிலோ குறைத்தால் போதும். நடக்கும்போது முழங்காலில் விழும் பளு உடம்பு எடையைவிடப் பலமடங்கு; 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பளு குறையும். இதனால் வலி தணிந்து அறுவையே தள்ளிப்போனவர்களும் உண்டு.

வேகம் வாரத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ. இதைவிட வேகமாகக் குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். அறுவைக்குப் பின் படுக்கையிலிருந்து உங்களை எழுப்பி நிறுத்தப் போவது அந்தத் தசைதான்.

அறுவைக்கு 2, 3 வாரம் இருக்கும்போது எடை குறைப்பை நிறுத்திவிடுங்கள். இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். "இப்பத்தான் குறைய ஆரம்பிச்சிருக்கு, நிறுத்தச் சொல்றீங்களே?" என்பார்கள். உடம்பு பட்டினியில் இருக்கும்போது வெட்டினால், காயத்தை ஆற்ற வேண்டிய புரதத்துக்கு உடம்பு தன் தசையையே கரைக்கத் தொடங்கும். கடைசி வாரங்களில் தேவையான அளவு முழு உணவும், நிறையப் புரதமும் வேண்டும். எடை அப்படியே நின்றால் அதுவே போதும்.

மூட்டு வலியோடு நடைப்பயிற்சி முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குவது, தண்ணீரில் நடப்பது, நிலையான சைக்கிள் என்று தொடங்கலாம். கைக்கும் தோளுக்கும் கட்டாயம் பயிற்சி கொடுங்கள். அறுவைக்குப் பிறகு வாக்கரை அழுத்தி உடம்பைத் தாங்கப் போவது கைகள். நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி உடம்பைச் சற்றே தூக்கி இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

செமாக்ளுடைட் போன்ற எடை குறைப்பு ஊசி போடுபவர்கள் அதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் சொல்லியே ஆக வேண்டும். இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வழக்கமான நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிச்சமிருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். ஊசியை நிறுத்துவதா, முந்தைய நாள் திரவ உணவு மட்டும் எடுப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

இரைப்பை சுருக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரும்பு, பி12, வைட்டமின் டி, புரதம் குறையும். எடை நன்றாக இறங்கியிருந்தாலும் 3-ஆம் படிப் பரிசோதனைகள் இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

5. மெலிந்தவர்களுக்குத் தனி வழி

எடை என்றதும் எல்லோரும் பருமனையே நினைக்கிறார்கள். 18.5-க்குக் கீழே உள்ள முதியவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவர்கள். எலும்பு மெலிந்திருக்கும், இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை கூடும், காயம் தாமதமாக ஆறும். இடுப்பு முறிவுக்குப் பின் உயிரிழப்பும் இவர்களிடையே அதிகம்.

அறுவைக்கு முன் நேரம் இருந்தால் இவர்களுக்கு வேண்டியது எடையும் தசையும் ஏற்றுவது. ஒரேயடியாக நிறையச் சாப்பிட முடியாதவர்களுக்குச் சிறிது சிறிதாக ஆறு வேளையாகக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்க வேண்டும். பல் வலி, விழுங்கச் சிரமம், மனச்சோர்வு என்று சாப்பாடு குறையக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் சமீபத்தில் எடை குறைந்திருந்தால் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே திட்டமிட்ட அறுவைக்குப் போக வேண்டும்.

6. தோல் மடிப்புகளைத் தயார் செய்யுங்கள்

தொடைமடிப்பு, வயிற்றின் கீழ்மடிப்பு, முழங்காலின் பின்புறம், மார்பின் அடி ஆகியவற்றில் சிவப்போ படையோ வெடிப்போ இருந்தால் அறுவையன்று காலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே இருக்கும் பூஞ்சையும் கிருமியும் புது மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2, 3 வாரத்துக்கு முன்பே கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ பாருங்கள். குளித்த பின் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஓரிரு நிமிடம் காற்றுப்பட விடுங்கள். அவசரமாகத் துடைத்துவிட்டுப் பவுடரைக் கொட்டினால் அது ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி, உரசிப் புண்ணாக்கும். படை இருந்தால் மருத்துவரிடம் காட்டி மருந்து போடுங்கள். அறுவை செய்யும் இடத்தை வீட்டில் சவரம் செய்யாதீர்கள். சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல்.

7. வீட்டையும் கருவிகளையும் எடைக்கு ஏற்ப மாற்றுங்கள்

வாக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். காலிலோ குறுக்குக் கம்பியிலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அது தாங்கும் எடை கிலோவில் அச்சிட்டிருக்கும். உங்கள் எடை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த வாக்கர் வேண்டாம். கூடுதல் எடை தாங்கும், அகலமான வகை கிடைக்கிறது. ஸ்டிக்கர் இல்லாத இரவல் வாக்கரைப் பருமனானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. கக்கூஸ் நாற்காலி, குளியல் முக்காலி, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்போது அதன் கால் விரிந்து விழுந்தவர்கள் உண்டு.

உயரமும் முக்கியம். உட்காரும் இடம் முழங்காலின் பின்மடிப்பைவிடச் சற்று உயரமாக இருந்தால் எழுவது எளிது. வயிறு பெரிதாக உள்ளவர் தாழ்ந்த இருக்கையில் முன்னால் குனிந்து எழும்போது தொடையும் வயிறும் நெருக்கி, புதிய இடுப்பு மூட்டு விலகும் கோணத்துக்குப் போய்விடும்.

உதவிக்கு ஆள் யார் என்று முன்பே பேசிவிடுங்கள். 100 கிலோ உள்ளவரை 50 கிலோ உள்ளவர் தனியாகப் பிடித்துத் தூக்கினால் இருவரும் விழுவார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம், தோள் விலகும். இடுப்பில் பட்டை கட்டி, பக்கவாட்டில் நின்று அதைப் பிடித்துக்கொள்வதுதான் முறை. இதை அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் பின்னால் பதற்றம் இருக்காது.

8. மயக்க மருத்துவரிடம் உண்மையான எடையைச் சொல்லுங்கள்

கூச்சப்பட்டு 10 கிலோ குறைத்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் செஃபசோலின் ஊசி பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். எடையைக் குறைத்துச் சொன்னால் கிருமியைத் தடுக்கும் மருந்தின் அளவும் குறைந்துபோகலாம். இரத்தக்கட்டியைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசியின் அளவும் மிக அதிக எடை, மிகக் குறைந்த எடை, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கடைசியாக எப்போதோ எடுத்த எடையைச் சொல்லாமல், அந்த வாரமே நின்று பார்த்த எடையைச் சொல்லுங்கள்.

மூச்சுத்தடைக்குச் சிபாப் இயந்திரம் (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் முகமூடியோடு அதை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அறுவைக்குப் பின் வரும் முதல் சில இரவுகளில்தான் அது மிகவும் தேவை. அதை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களே அதிகம்.

9. முதல் மூன்று நாள்: எழுந்து நிற்பதே மருந்து

மூட்டு மாற்றியவர்களைப் பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் நிற்க வைப்போம். எடை கூடியவர்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் போகும், சளி கட்டும். அதனால் தலைமாட்டை உயர்த்தி, மணிக்கு ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்கிறோம்.

முதல் முறை எழும்போது நேராகத் தூக்கிவிடச் சொல்லாதீர்கள். மருத்துவர் அனுமதித்த பக்கமாகச் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே இறக்கியபடியே எழுங்கள். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள். தலைசுற்றல் இல்லை என்றால் மட்டும் நில்லுங்கள்.

எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்களிடம் "20 கிலோ மட்டும் ஊன்றலாம்" என்று சொல்வதுண்டு. 20 கிலோ எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எடை இயந்திரத்தில் அந்தக் காலை மட்டும் வையுங்கள். மற்றக் காலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை போடுங்கள். வாக்கரைப் பிடித்தபடி முள் 20-க்கு வரும்வரை மெல்ல அழுத்துங்கள். காலடியில் அந்த அழுத்தம் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 60 கிலோ உள்ளவர் மீதி 40 கிலோவைக் கையால் தாங்கினால் போதும். 110 கிலோ உள்ளவர் 90 கிலோவைத் தாங்க வேண்டும். பலருக்கு இது முடியாத காரியம். முடியவில்லை என்றால் அதை மறைத்து முழுக்காலையும் ஊன்றாமல் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில வாரம் சக்கர நாற்காலியில் இருப்பது, தகடு வளைந்து மறுபடி அறுவைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல்.

குதிகாலைத் தினமும் பாருங்கள். பருமனானவருக்குக் காலின் கனத்தாலும் மெலிந்தவருக்குச் சதை இல்லாததாலும் குதிகாலில் புண் வரும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்க விடுங்கள். முழங்காலுக்கு நேர் அடியில் தலையணை வைக்காதீர்கள். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

10. காயத்தைக் கவனிக்கும் முறை

முதல் ஓரிரு நாள் காயக்கட்டில் சிறிது கசிவு இருப்பது இயல்பு. நாள் போகப்போக அது குறைய வேண்டும். குறையாமல் தொடர்ந்தாலோ, நின்றுபோன கசிவு மறுபடி தொடங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கொழுப்பு அடர்ந்த இடத்தில் அடியில் நீர் தேங்கி, மேலே தோல் மூடியதுபோலவே தெரியும்.

தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து போட்டோ எடுத்து வைத்தால் சிவப்பு பரவுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதி. காயத்தின் மேல் மடிப்பு விழும் இடமாக இருந்தால், மருத்துவமனையில் காட்டித் தந்தபடி சுத்தமான உலர்ந்த துணியை மடிப்புக்கு நடுவே வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். மூட்டுக்குள் கிருமி போயிருந்தால், அங்கிருந்து நீர் எடுத்துச் சோதித்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன் மாத்திரை போட்டால் சோதனையில் கிருமி சிக்காமல் போகும், உள்ளே மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

11. இரத்தக்கட்டி

மருத்துவர் குறித்த நாள்வரை தடுப்பு மருந்தை விடாமல் எடுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள்வரைகூடக் கொடுப்பார்கள். நடக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுபவர்கள் பலர். நீங்கள் வீட்டுக்குப் போன பின்னும் இரத்தக்கட்டி வரும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

இறுக்கக் காலுறை போட்டிருந்தால் தொடை பருத்தவர்களுக்கு அதன் மேல்விளிம்பு சுருண்டு இறங்கி, கயிறு கட்டியதுபோல இறுக்கும். கழற்றினால் அந்த இடத்தில் ஆழமான வளையம் பதிந்திருக்கும். இரத்தக்கட்டியைத் தடுக்கப் போட்டதே இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். சுருளாத அளவு கிடைக்கவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டு முழங்கால்வரை உள்ளதற்கு மாறுங்கள்.

கெண்டைக்காலில் புது வலி, ஒரு கால் மட்டும் திடீரெனப் பெருத்தல் என்றால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் வந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

12. தேறும் காலத்தில் உணவும் எடை இயந்திரமும்

"அம்மா ரெண்டு வாரமா சரியாவே சாப்பிடல மேடம். நல்லதுதானே, எடை குறையும்ல?" ஒரு மகள் நிம்மதியோடு என்னிடம் கேட்டது இது. அந்த அம்மாவால் தன் முழங்காலை நேராக நீட்டித் தூக்கக்கூட முடியவில்லை. முழங்கால் மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அந்த நேரத்தில் பட்டினி இருந்தால் இறங்கும் எடையில் பெரும்பங்கு தசை.

முதல் 6 வாரம் எடை குறைப்பைப் பற்றியே நினைக்காதீர்கள். புரதம் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். பருமனானவர்கள் தங்கள் முழு எடைக்குக் கணக்கிடாமல், உயரத்துக்கு ஏற்ற எடைக்குக் கணக்கிட வேண்டும். 1.60 மீட்டர் உயரத்துக்கு 64 கிலோ என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 77 முதல் 96 கிராம். முட்டை, பால், பயறு, மீன், இறைச்சி என்று உங்களுக்கு ஒத்துக்கொள்வதை எல்லா வேளைக்கும் பங்கிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

முதல் வாரம் எடை பார்த்தால் கூடியிருக்கும். ஏற்றிய நீரும் காலில் உள்ள வீக்கமும்தான் காரணம், கொழுப்பு இல்லை. அதைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பவர்கள் நிறைய. இரண்டு வாரம் கழித்து, பிறகு வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் தினமும் பார்த்து, சட்டென்று கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலி மருந்தால் மலச்சிக்கல் வரும், அதனால் பசி போகும். தண்ணீரும் நார்ச்சத்தும் போதவில்லை என்றால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

13. மூன்றாம் மாதத்திலிருந்து

மூட்டு வலி போய்விட்டால் நடை கூடும், நடை கூடினால் எடை தானாகக் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பெரும்பாலானவர்களின் எடை அறுவைக்குப் பின் அப்படியே இருக்கிறது. சிலருக்குக் கூடவும் செய்கிறது. வலியோடு வாழ்ந்த ஆண்டுகளில் பழகிய உட்காரும் வழக்கம் மூட்டோடு சேர்த்து மாற்றப்படுவதில்லை. காயம் முழுக்க ஆறி, கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கும் இந்தக் கட்டத்தில்தான் எடை குறைப்பை மறுபடி எடுக்க வேண்டும். 4-ஆம் படியில் சொன்ன அதே வேகம், அதே அளவு.

முதலில் நடையின் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை. நடையோடு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைப் பயிற்சியும் வேண்டும்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது, பக்கவாட்டில் காலைத் தூக்குவது. மறுநாள் காலைவரை வீக்கம் வடியாமல் இருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். ஒரு படி குறையுங்கள்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் உங்கள் எடைக் குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாக இருந்த மூட்டில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது மட்டும் தொடையிலோ முழங்காலுக்குக் கீழோ புதிதாக வலி தொடங்கினால், எடை கூடியதால் வந்த அலுப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது மூட்டு தளர்வதன் முதல் அடையாளமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.